அமீனா வளர்த்த கடல்

உலகத்தில் சந்தேகப் பிராணிகள் ஏராளம். ஆனால் பொழுது விடிந்துவிட்டதா என்பதையே இரண்டு பேரிடம் விசாரித்து உறுதி செய்துகொண்டு பல் தேய்க்கப் போகிற மனிதரை நான் ஒருவரைத்தான் பார்த்திருக்கிறேன். தொண்ணூறுகளின் கடைசியில் தல்லாகுளத்தில் நான் குடியிருந்த காம்பவுண்டில் கடைசி வீடு அவருடையது. கோர்ட்டில் அமீனா வேலை. வாங்கிய கடனைக் கட்டாதவர் வீட்டுக்குக் கோர்ட்டு உத்தரவோடு போய், கட்டில், பீரோ, கிரைண்டர் என்று ஜப்தி செய்துகொண்டு வருகிற உத்தியோகம். அவருக்கென்று ஒரு பெயர் இருந்திருக்கத்தான் வேண்டும். எங்களுக்கு அவர் அமீனா, தபால்காரருக்கும் அமீனா.

அவரைக் குற்றம் சொல்லவும் முடியாது. அவர் போகிற தெருவுக்கெல்லாம் அவர் வருகிற செய்தி முன்னாலேயே போய்விடும். டி.வி. பக்கத்து வீட்டுக்குக் குடிபோயிருக்கும். கிரைண்டருக்குப் போர்வை போர்த்தி, அதன் மேல் யாராவது காய்ச்சல்காரர் மாதிரி சாய்ந்திருப்பார்கள். "அவுக ஊர்லயே இல்லைங்க" என்று அந்த வீட்டு அம்மா சொல்லிக்கொண்டிருக்கும்போதே உள்ளே அவுக தும்முவார். வருஷக்கணக்கில் இதையே பார்த்துக்கொண்டிருந்தால் யாருக்குத்தான் மனுஷர்கள் மேல் நம்பிக்கை இருக்கும்?

பால் வாங்கினால் தண்ணீர் கலந்திருக்கிறதா என்று லாக்டோமீட்டரைப் போட்டுப் பார்ப்பார். அதற்காகவே சொந்தமாக ஒன்று வைத்திருந்தார். பால்காரர் அவர் வீட்டு வாசலுக்கு வரும்போது மட்டும் சாமியைக் கும்பிட்டுக்கொள்வார். கோயிலுக்குப் போனால் அர்ச்சனைத் தேங்காயில் முன்கூட்டியே மசியால் ஒரு கோடு போட்டுக்கொண்டுதான் கொடுப்பார். திரும்பி வருகிற மூடி தன் தேங்காயினுடையதுதானா என்று அங்கேயே திருப்பிப் பார்ப்பார். கல்யாணம் ஆகவில்லை. பெண் பார்க்கப் போன இடத்தில் இவர் நடத்திய குறுக்கு விசாரணையில் பெண்ணின் தாய்மாமன் பாதியில் எழுந்து வெளியே போய்விட்டதாகவும், போனவர் வீடு திரும்பவே மூன்று நாள் ஆனதாகவும் காம்பவுண்டில் பேச்சு.

வீட்டுச் சொந்தக்காரர் ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார், சௌராஷ்டிரர். அவரும் அவர் மனைவி ஓனரம்மாவும் எங்களிடம் தமிழில் பேசிவிட்டு, தங்களுக்குள் தங்கள் வீட்டு மொழியில் பேசிக்கொள்வார்கள். மதுரையில் இது யாருக்கும் புதிசில்லை. அமீனாவுக்கு மட்டும் அது தன்னைப் பற்றிய சதி. நான் பள்ளிக்கூடத்தில் சௌராஷ்டிரப் பையன்களோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்து வளர்ந்தவன். பேச வராது, ஆனால் கேட்டால் முக்கால்வாசி புரியும். இது தெரிந்த நாளிலிருந்து நான் அவருடைய மொழிபெயர்ப்பாளன் ஆகிவிட்டேன்.

"தம்பி, என்ன பேசிக்கிறாங்க?"

"ரசத்துல புளி கூடிப்போச்சாம்ணே."

"அதுக்கு எதுக்கு என் வீட்டுப் பக்கம் பாத்தாங்க?"

அந்தப் பக்கம்தான் புளியமரம் இருக்கிறது என்று சொன்னால் நம்பவா போகிறார்?

இப்படிப்பட்டவர் கடல் மீன் வளர்க்க ஆரம்பித்ததும் சந்தேகத்தினால்தான். ஒரு தை அமாவாசைக்கு ராமேஸ்வரம் போனவர், திரும்பும் வழியில் மண்டபம் ஊரில் யாரோ கண்ணாடித் தொட்டிகளில் வைத்திருந்த கடல் பிராணிகளைப் பார்த்திருக்கிறார். ஒரு தொட்டியில் கடல் சாமந்தி. பூ மாதிரி விரிந்திருக்கும். ஆனால் பூ இல்லை, உயிருள்ள பிராணி. அதன் இதழைத் தொடுகிற மீனை விஷத்தால் மயக்கித் தின்றுவிடும். ஒரே ஒரு ஜாதி மீன் மட்டும் அதற்குள்ளேயே புகுந்து, புரண்டு, தூங்கி எழுந்து வருகிறது. அதை மட்டும் அது ஒன்றும் செய்வதில்லை. தொட்டிக்காரர் இதைச் சொன்னதும் அமீனா அவரிடம் முக்கால் மணி நேரம் விசாரணை நடத்தியிருக்கிறார்.

ஊருக்கு வந்ததும் என்னைக் கூப்பிட்டார்.

"பொய் சொல்றான் தம்பி. ஊரையே கொல்றது அந்த ஒத்த மீனை மட்டும் விட்டுருமாக்கும்? என்னைக்காச்சும் ஒருநாள் கடிக்கும். நான் பாக்காம விட மாட்டேன்."

அதாவது, அந்தச் சாமந்தியைக் கையும் களவுமாகப் பிடிப்பதற்காகத்தான் அவர் தன் வீட்டில் ஒரு கடல் வைக்கத் தீர்மானித்தார். வைகையிலேயே தண்ணீர் இல்லாத ஊரில் ஒரு மனிதர் கடல் வைக்கப் போகிறேன் என்றால் என்ன அர்த்தம் என்று காம்பவுண்டு யோசிப்பதற்குள் மூன்றடி நீளக் கண்ணாடித் தொட்டி வந்து இறங்கிவிட்டது.

தொட்டியைச் செய்தவர் கசியாது என்று சத்தியம் செய்திருந்தார். சத்தியம் செய்ததே சந்தேகத்தைக் கிளப்பிவிட்டது. அடியில் செய்தித்தாளை விரித்து, குழாய்த் தண்ணீரை நிரப்பி, ஒரு வாரம் காலையும் மாலையும் முழங்காலிட்டுத் தாளைத் தடவிப் பார்த்தார். கடைசி நாள் தாளில் ஒரு ஈரம் இருந்தது. தொட்டி செய்தவரை வரவழைத்துச் சண்டை போட்டுக்கொண்டிருக்கும்போதுதான், குனிந்து பார்த்தவருடைய நெற்றியிலிருந்து அடுத்த சொட்டு விழுந்ததை நாங்கள் எல்லோரும் பார்த்தோம்.

அடுத்தது கடல் தண்ணீர். எங்கள் காம்பவுண்டில் இரண்டாவது வீட்டுக்காரர் ராமேஸ்வரம் வழித்தட பஸ்ஸில் கண்டக்டர். ஒவ்வொரு முறை போய்வரும்போதும் பஸ்ஸின் கடைசி சீட்டுக்கடியில் கேன் கேனாகக் கடல் தண்ணீர் வந்து இறங்கியது. இருட்டுகிற நேரத்தில் மூடி இறுகின கேன்கள் வருவதும், அமீனா அதை முகர்ந்து பார்த்து உள்ளே எடுத்துப் போவதும், கதவு சாத்திக்கொள்வதும் தினசரி நடந்தால் தெரு என்ன நினைக்கும்? சாராயம் என்றுதான் நினைத்தது. எதிர்வீட்டில் இரண்டு பேர் என்னிடம் வந்து, ரகசியமாக, விலை என்ன என்றே கேட்டார்கள். விஷயம் காதுக்கு எட்டி வாத்தியார் வந்து ஒரு கேனைத் திறந்து விரலை விட்டு நக்கிப் பார்த்தார். அவர் முகம் போன போக்கைப் பார்த்து, விலை கேட்டவர்கள் நம்பிக்கை இழந்து போய்விட்டார்கள்.

வாத்தியார் அங்கேயே ஒரு நிபந்தனை போட்டார். உப்புத் தண்ணீரோ உயிர்ப் பிராணியோ, அது அமீனா பாடு. ஆனால் ஒருநாள் நாற்றம் வந்தாலும் அன்றைக்கே தொட்டி காம்பவுண்டை விட்டு வெளியே போய்விட வேண்டும். கணக்கு வாத்தியார் ஒன்று சொன்னால் அது சமன்பாடு. இரண்டு பக்கமும் மாற்ற முடியாது. அமீனா அவர் சொன்னதை இரண்டு முறை திருப்பிச் சொல்லச் சொல்லிக் கேட்டுவிட்டுச் சம்மதித்தார்.

கண்டக்டர் மேலும் அவருக்கு நம்பிக்கை இல்லை. நடுவழியில் ஏதாவது ஊருணியில் மொண்டு உப்பைக் கொட்டிக் கலக்கிக் கொண்டுவந்தால்? பால் பார்க்கிற லாக்டோமீட்டரை எடுத்து வந்து கேனில் மிதக்கவிட்டார். குமிழ் அமுங்காமல் ஜம்மென்று நின்றது. கடல் தண்ணீருக்கும் நல்ல பாலுக்கும் கனம் ஏறக்குறைய ஒன்றுதானாம். அமீனா நிமிர்ந்து எங்களைப் பார்த்தார்.

"நம்ம பால்காரன் பாலை விட கடல் கெட்டியா இருக்கு."

அந்த மாதம் பால்காரர் ஊரைவிட்டே போய்விடுவாரோ என்று பயந்தோம்.

வலையில் சிக்கியதால் மீனவர்கள் கரையில் எறிந்திருந்த பவளக் கற்களை ஈரச் சாக்கில் சுற்றிக் கொண்டுவந்து தொட்டிக்குள் அடுக்கினார். சட்டத்துக்கு விரோதமாக வெட்டி எடுத்த கல்லா, தானாக வந்த கல்லா என்று விசாரித்து, ரசீது கேட்டு, அவர்கள் சிரித்த பிறகுதான் வாங்கினாராம். பிறகு மீன் விடாமல் கல்லையும் தண்ணீரையும் மட்டும் வைத்துக்கொண்டு மாதக்கணக்கில் காத்திருந்தார். தண்ணீர் பக்குவப்பட வேண்டுமாம். அவசரப்பட்டு விட்டால் மீன் செத்துவிடுமாம். ஒரு மனிதர் ஆபீஸ் விட்டு வந்து நாற்காலி போட்டு ஒரு கல்லையே பார்த்துக்கொண்டிருந்தால் அக்கம்பக்கத்துக்கு வேறு என்ன தோன்றும்? ஜப்தி செய்த நகையை மணலுக்கடியில் புதைத்து வைத்திருக்கிறார் என்று பேசிக்கொண்டார்கள். வந்து எட்டிப் பார்த்தவர்கள் எல்லோரும் மணலைத்தான் பார்த்தார்கள். அவர்கள் மணலைப் பார்ப்பதை அமீனா பார்த்தார்.

ஆனால் கல்லுக்குள் உயிர் இருந்தது. இன்றைக்கு ஒரு புழு, நாளைக்கு நகத்தளவு நண்டு, இன்னொரு நாள் ஊதா நிறத்தில் பாசி என்று ஒவ்வொன்றாக வெளியே வந்தன. அவர் கோர்ட்டு பாஷையில் அறிவிப்பார்: "தம்பி, இன்னைக்கு நத்தை ஒண்ணு ஆஜராயிருக்கு." எதையும் தானாக வந்தது என்று நம்ப மாட்டார். யார் உள்ளே விட்டது என்று முதலில் என்னைத்தான் கேட்பார்.

கோடை வந்ததும் தொட்டித் தண்ணீர் குறைய ஆரம்பித்தது. கண்ணாடியில் மசியால் கோடு போட்டு வைத்தார். மறுநாள் கோட்டுக்குக் கீழே விரல்கடை இறங்கியிருந்தது. திருடுகிறார்கள் என்று முடிவு கட்டிக் காம்பவுண்டு முழுக்க முறைத்துக்கொண்டு திரிந்தார். கார்ப்பரேஷன் தண்ணீருக்கே குடத்தோடு அடித்துக்கொள்கிற ஊர்தான். ஆனால் உப்புத் தண்ணீரைத் திருடி யார் என்ன செய்ய? குறைந்த அளவுக்குக் கடல் தண்ணீரையே ஊற்றி ஊற்றி, லாக்டோமீட்டர் தலை நிமிர்ந்துகொண்டே போன பிறகுதான் வெயில் தண்ணீரை மட்டும் குடித்துவிட்டு உப்பை வைத்துவிட்டுப் போகிறது என்று புரிந்தது. அதற்கப்புறம் நல்ல தண்ணீர் ஊற்றினார். வெயிலை மட்டும் அவர் கடைசி வரை மன்னிக்கவில்லை. அக்கினி நட்சத்திரத்தில் தன் ஒரே டேபிள் ஃபேனைத் தொட்டித் தண்ணீரின் மேல் வீசும்படி திருப்பி வைத்துவிட்டு, இவர் பனைவிசிறியோடு படுத்துக் கிடந்தார். தண்ணீர் சூடாகிவிடக் கூடாதாம்.

கடைசியில் சங்கு நண்டுகள் வந்தன. பிறகு கடல் சாமந்தி வந்தது. அப்புறம் அந்த இரண்டு மீன்கள். கறுப்பு உடம்பு, குறுக்கே வெள்ளைப் பட்டை, மஞ்சள் வால். பார்த்த மாத்திரத்தில் அமீனா அதற்கு வக்கீல் மீன் என்று பெயர் வைத்துவிட்டார். சாமந்திக்குக் கட்சிக்காரர் என்று பெயர்.

"கட்சிக்காரன் தொட்டா எதிராளி செத்தான். வக்கீல் மட்டும் அதுக்குள்ளயே சொகமா இருக்கான். எம்புட்டு நாளைக்கு, பாப்போம்."

அன்றிலிருந்து காவல்தான். மீன் சாமந்திக்குள் புகும்போதெல்லாம் நாற்காலி நுனிக்கு வருவார். கடிக்காது. பெருமூச்சு விட்டுச் சாய்வார். ஏமாற்றமா நிம்மதியா என்று எனக்குத் தெரியாது. ஒருநாள் மீன் தான் தின்ன வேண்டிய இறால் துண்டைக் கொண்டுபோய்ச் சாமந்தியின் வாயில் வைத்ததைப் பார்த்துவிட்டு, "லஞ்சம்" என்றார். ஆனால் குரலில் அவ்வளவு சுரத்து இல்லை.

இனி ஓனரம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். கழுத்தின் வலது பக்கம் அவருக்கு ஒரு மரு இருந்தது. மகளுக்கு ஆவணியில் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. வீடியோக்காரர் பெண்ணின் அம்மாவைக் கிட்டத்தில் வைத்துப் பிடிப்பாரே என்று அவருக்கு ஒரே கவலை. மரு உதிர வேண்டுமென்றால் மதுரையில் எல்லோருக்கும் தெரிந்த வழி, தெப்பக்குளத்தில் ஒரு அச்சு வெல்லத்தைப் போட்டுவிட்டு வருவது. வெல்லம் கரைகிற மாதிரி மருவும் கரைந்துவிடும். ஆனால் அந்த வருஷம் தெப்பக்குளத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் கிடையாது. பையன்கள் உள்ளே இறங்கிக் கிரிக்கெட் ஆடிக்கொண்டிருந்தார்கள். "தெப்பக்குளத்துல தண்ணி விட்டாங்களா தம்பி?" என்று வாரத்துக்கு ஒருமுறையாவது என்னைக் கேட்பார். வாத்தியாருக்கு இந்த வேண்டுதல் சமாசாரமெல்லாம் பிடிக்காது. கேள்விப்பட்டால் பத்துப் பேர் நடுவில் வைத்துக் கிண்டல் செய்வார். அதனால் அவர் காதில் விழாமல்தான் அந்த அம்மா கேட்பார்.

அமீனா தொட்டியை ஜன்னலோரமாக வைத்திருந்தார். மேலே கொசுவலை. பிராணிகளுக்குக் காற்று வேண்டுமென்று கதவைப் பூட்டினாலும் ஜன்னலைச் சாத்துவதில்லை. ராமேஸ்வரத்துத் தண்ணீர், உள்ளே மீன்கள். அமாவாசைக்கு வீட்டில் தெளிக்க ஓனரம்மா ஒரு டம்ளர் கேட்டபோது, எதற்கு, எங்கே தெளிப்பீர்கள், மிச்சத்தை என்ன செய்வீர்கள் என்று கேட்டுவிட்டு ஒரு கரண்டி கொடுத்தார். அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு போனார் அந்த அம்மா.

ஆடி பிறந்து சில நாள் இருக்கும். காலையில் அமீனா போட்ட கூச்சலில் எல்லோரும் ஓடினோம். தொட்டித் தண்ணீர் நீராகாரம் மாதிரி வெளுத்துப் போயிருந்தது. சாமந்தி சுருங்கி, பழைய கையுறை மாதிரி கிடந்தது. இரண்டு மீன்களும் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. நாற்றம் வர ஆரம்பித்திருந்தது. வாத்தியார் பென்ஷன் விஷயமாகக் கருவூலத்துக்குப் போயிருந்தார். மத்தியானம் வந்துவிடுவார். வந்தால் தொட்டி வெளியே.

அமீனாவின் முகத்தை நான் அப்படிப் பார்த்ததில்லை. எத்தனையோ வீடுகளில் எத்தனையோ பேர் அழுவதைப் பார்த்தும் அசையாத ஆள், தொட்டியின் மூலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஆனால் வாய் மட்டும் பழக்கதோஷத்தில் விசாரணையைத் தொடங்கிவிட்டது. நேற்று சாயங்காலம் யார் யார் எங்கே இருந்தீர்கள்? கண்டக்டர் கடைசியாகக் கொண்டுவந்த கேன் எந்தத் துறையில் மொண்டது? நான் ஏன் நேற்று தொட்டியைப் பார்த்துச் சிரித்தேன்?

கண்டக்டருக்கு அன்றைக்கு ஓய்வு நாள். "அமீனாண்ணே, விசாரணையை அப்பறம் வச்சுக்கலாம். மொதல்ல மீனைப் பாருங்க" என்று அவர்தான் அதட்டினார். அமீனாவின் கட்டிலுக்கடியில் யாருக்கும் தெரியாமல் பதுக்கி வைத்திருந்த கடல் தண்ணீர் கேன்கள் வெளியே வந்தன. சுத்தமான வாளியில் ஊற்றி மீனையும் சாமந்தியையும், இன்னொரு வாளியில் நண்டுகளையும் மாற்றினோம். அந்த நேரம் பார்த்துக் கரண்ட் போய், காற்றடிக்கிற மோட்டார் நின்றது. நான் என் சைக்கிள் பம்பை எடுத்து வந்து, குழாயைத் தண்ணீருக்குள் விட்டு அடிக்க ஆரம்பித்தேன். அடிப்பதற்கு முன்னால் அமீனா பம்பை வாங்கி, எண்ணெய் போட்டிருக்கிறேனா என்று முகர்ந்து பார்த்தார். எனக்குக் கை ஓய்ந்ததும் கண்டக்டர் வாங்கி அடித்தார். ஓனரம்மா வாளிமேல் வெயில் படாமல் தன் புடவை முந்தானையைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஒரு வார்த்தை பேசவில்லை. காம்பவுண்டுக்கே நீதி சொல்கிற வாய் அது.

மீன்கள் மெல்ல அடிக்கு இறங்கின. சாமந்தியின் ஓரம் லேசாக விரிந்தது. மூச்சு வந்தது எங்களுக்கு.

அப்போதுதான் அமீனா ஜன்னல் கட்டையில் எறும்பு ஊர்வதைப் பார்த்தார். நானும் பார்த்தேன். கொசுவலையின் ஒரு மூலை தூக்கியிருந்தது. உப்புத் தண்ணீர்த் தொட்டியில் எறும்புக்கு என்ன வேலை? குனிந்து, எறும்புகள் மொய்த்துக்கொண்டிருந்த ஒரு பழுப்புத் துணுக்கை எடுத்து ஊதி, உள்ளங்கையில் வைத்துக்கொண்டார். விரலால் தொட்டு நாக்கில் வைத்தார். அச்சு வெல்லம்.

எனக்குத் தெப்பக்குளம் ஞாபகம் வந்துவிட்டது. நான் திரும்பி ஓனரம்மாவைப் பார்த்தேன். அமீனாவும் பார்த்தார். அந்த அம்மா ஒரு கையால் முந்தானையைப் பிடித்திருந்தார். இன்னொரு கை கழுத்தின் வலது பக்கத்தை மூடியிருந்தது. கண் நிறைந்திருந்தது.

அதே நேரம் வாசல் கேட் சத்தம் கேட்டது. வாத்தியார். மூக்கைச் சுளித்துக்கொண்டே வந்து நின்றார்.

"என்ன நாத்தம் இது? என்ன ஆச்சு?"

அமீனாவின் கையில் சாட்சியம் இருந்தது. உள்ளதைச் சொன்னால் போதும்: நாற்றத்துக்குக் காரணம் உங்கள் வீட்டு அம்மாதான், நிபந்தனை செல்லாது. தொட்டி தப்பிக்கும். வாழ்நாள் முழுவதும் ஊரைச் சந்தேகப்பட்ட மனிதருக்கு முதல் முறையாக, சந்தேகத்துக்கு இடமில்லாமல், ஒரு குற்றவாளி கிடைத்திருக்கிறார்.

அமீனா உள்ளங்கையை வாய்க்குக் கொண்டுபோனார். வெல்லத்தை, ஒட்டியிருந்த ஒன்றிரண்டு எறும்போடு, போட்டு முழுங்கிவிட்டார்.

"என் தப்புதான் சார். சங்கு நண்டு ஒண்ணு கல்லுக்கடியில செத்துக் கெடந்துருக்கு. நான் கவனிக்கல."

எத்தனையோ பொய்யைக் கேட்ட மனிதர், தானாக ஒன்று சொல்லும்போது அவ்வளவு மோசமாகச் சொன்னார். நண்டுகள் எல்லாம் எங்கள் கண் முன்னால் இன்னொரு வாளியில் ஓடிக்கொண்டிருந்தன. வாத்தியார் அதைக் கவனிக்கவில்லை. நிபந்தனையை ஞாபகப்படுத்தினார். அமீனா தலையை ஆட்டினார். சாயங்காலத்துக்குள் எடுத்துவிடுகிறேன் என்றார். எங்கே எடுத்துப் போவார் என்று எங்களுக்கும் தெரியாது, அவருக்கும் தெரியாது.

ஓனரம்மா முந்தானையை விட்டுவிட்டு முன்னால் வந்தார். வாத்தியாரைப் பார்த்துத் தங்கள் மொழியில் பேச ஆரம்பித்தார். படபடவென்று, நடுவில் நிறுத்தாமல். எனக்கு முக்கால்வாசிக்கு மேலேயே புரிந்தது. வெல்லத்தைப் போட்டவள் நான். அந்த மனுஷன் எனக்காகப் பழியைத் தன் மேல் போட்டுக்கொள்கிறான். என் கூடப் பிறந்தவன்கூட எனக்காக இப்படி நிற்க மாட்டான். சிரிக்கிறதானால் இப்போதே என்னைப் பார்த்துச் சிரித்துவிடுங்கள். அந்தத் தொட்டி வெளியே போனால் கல்யாணப் பந்தலில் உங்கள் பக்கத்தில் நான் நிற்க மாட்டேன். இதுதான் அவர் சொன்னது.

வாத்தியார் மனைவியின் கழுத்தைப் பார்த்தார். தொட்டியைப் பார்த்தார். என்ன கணக்குப் போட்டாரோ, கிண்டல் எதுவும் செய்யவில்லை. "தொட்டி இருக்கட்டும்" என்று தமிழில் சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

அமீனா திரும்பி என்னைப் பார்ப்பார், "என்ன பேசிக்கிறாங்க?" என்று கேட்பார் என்று நான் தயாராக நின்றிருந்தேன். அவர் கேட்கவில்லை. பம்பை எடுத்து, கரண்ட் வரும் வரை அடித்துக்கொண்டே இருந்தார்.

கண்டக்டர் மறுநாள் கேன்கள் கொண்டுவந்தார். தொட்டி தெளிந்தது. வக்கீல்கள் கட்சிக்காரரோடு பழையபடி குடியேறினார்கள். சில நாள் கழித்து ஜன்னல் கட்டையில் ஒரு மண் கிண்ணம் வந்து உட்கார்ந்தது. அதில் கடல் தண்ணீரும், உள்ளே ஒரு சின்ன நத்தையும். அமீனா வைத்ததுதான். வெள்ளிக்கிழமைகளில் அதில் வெல்லம் கிடக்கும். மறுநாள் அவரே தண்ணீரையும் நத்தையையும் மாற்றிவிடுவார்.

ஆவணிக்குள் மரு உதிர்ந்துவிட்டது. டாக்டர்கள் தானாகவே உதிரும் என்பார்கள். கல்யாண வீடியோவில் ஓனரம்மா கழுத்தின் வலது பக்கம் தெரியும்படியே திரும்பிக்கொண்டு நிற்கிறார். பந்தியில் அமீனாவுக்கு முதல் வரிசையில் இடம் போட்டு, பக்கத்திலேயே நின்று பரிமாறினார். அவர் எந்தப் பண்டத்தையும் முகர்ந்து பார்க்காமல் சாப்பிட்டதை நான் என் கண்ணால் பார்த்தேன். பாயசம் மட்டும் வேண்டாம் என்றுவிட்டார். வெல்லம் போட்டதாம்.

அடுத்த வருஷம் அவருக்குத் திருமங்கலம் கோர்ட்டுக்கு மாற்றலாகியது. சின்ன டெம்போவில் கல்லும் மணலும் காலித் தொட்டியும் ஏறின. மீனும் சாமந்தியும் இருந்த வாளியை அவர் மடியில் வைத்துக்கொண்டு முன்னால் உட்கார்ந்தார். நான் ஜன்னல் பக்கம் போய் நின்றேன்.

"அண்ணே, கடைசி வரைக்கும் கடிக்கலையே?"

"இன்னும் கடிக்கல" என்றார்.

மனசு கேட்காமல் இன்னொன்றும் கேட்டேன். "அன்னைக்கு ஓனரம்மா அவுங்க பாஷையில என்ன சொன்னாங்கன்னு இப்பவாச்சும் சொல்லட்டுமாண்ணே?"

வாளிக்குள் குனிந்து பார்த்தார்.

"வேணாம் தம்பி. நல்லாத்தான் சொல்லிருப்பாங்க."

டெம்போ அவுட்போஸ்ட் திருப்பத்தில் மறைந்தது. நான் வாசலிலேயே நின்றிருந்தேன். பாதி வழியில் வண்டியை நிறுத்தி இறங்கி ஓடி வந்து, "நெசமாவே நல்லாத்தான் சொன்னாங்களா?" என்று கேட்பார் என்று ரொம்ப நேரம் எதிர்பார்த்தேன். வரவில்லை. வந்திருக்கலாம்.